பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டுப் போவது?

ஏற்காட்டில் இரண்டு இரவு தங்குவதற்காக நானும் கணவரும் கட்டிய பையில் நான்கு ஜோடித் துணியும் ஒரு சால்வையும்தான் இருந்தன. ஆத்தூரில் அம்மா வீட்டில் விட்டுப்போகும் பிள்ளைகளுக்கு மூன்று பை. மூத்தவளுக்கு அப்போது நாலு வயது, சின்னவனுக்கு ஒன்றே முக்கால். அவன் தூளி கட்டும் பழைய நூல் புடவை, காது தேய்ந்த துணி முயல், காய்ச்சல் மருந்து, அதை அளக்கும் மூடி, மூக்கடைப்புக்குச் சொட்டு மருந்து என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் ஒரு தாளும் வைத்தேன். இரண்டு பக்கமும் நிறைய எழுதியிருந்தேன். எத்தனை மணிக்குத் தூங்குவான், எந்தப் பாட்டுக்குத் தூங்குவான், பால் எந்த டம்ளரில் கொடுத்தால் குடிப்பான், மூத்தவள் எதற்குப் பயப்படுவாள், எந்த டாக்டரைக் கூப்பிட வேண்டும். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு முழுதாகப் படித்தார். மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகினார். "சரி, கிளம்புங்க. இருட்டறதுக்குள்ள மலை ஏறிடணும்" என்றார்.

சின்னப் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் இரண்டு நாள் தனியாகப் போய் வரலாமா என்ற பேச்சு வந்தால் நம் வீடுகளில் மூன்று கேள்விகள் எழும். பிள்ளை ஏங்கிப்போகாதா? போய் வந்தால் மட்டும் அசதி தீர்ந்துவிடுமா? அதுவரை யார் பார்த்துக்கொள்வது? முதல் இரண்டையும் பற்றி உலகில் எழுபது எண்பது வருடங்களாக ஆராய்ந்திருக்கிறார்கள். மூன்றாவதை வீட்டுக்குள் பேசி முடித்துக்கொள்ளும் விஷயமாகவே விட்டுவிட்டோம். மற்ற இரண்டின் விடையும் அந்த மூன்றாவதில்தான் இருக்கிறது என்பதை அந்தத் தாள் எனக்குக் காட்டியது.

அப்போதைய சாதாரண நாள் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். ஐந்தே முக்காலுக்குக் குக்கர் ஏறும். ஆறரைக்கு எழுப்பத் தொடங்கினால் மூத்தவள் ஏழுக்கு எழுந்திருப்பாள். அவள் பல் தேய்ப்பதற்குள் சின்னவன் விழித்து இடுப்பில் ஏறிக்கொள்வான். ஒரு கையால் தோசை வார்க்க அந்த வருடங்களில்தான் பழகினேன். எட்டே காலுக்கு ஸ்கூல் வேன். அதற்குள் டிபன் டப்பா, ஸ்நாக்ஸ் டப்பா, தண்ணீர் பாட்டில், டைரியில் கையெழுத்து, காணாமல்போன ஒரு கால் சாக்ஸ். சின்னவனைக் காப்பகத்தில் விட்டுவிட்டு அலுவலகம். திரும்பும் வழியில் அவனைத் தூக்கிக்கொண்டு வந்தால் பருப்பு சாதத்தை நெய் விட்டுப் பிசைந்து, மொட்டை மாடிக்குப் போய், காக்கா, நிலா, எதிர்வீட்டு நாய் எல்லாவற்றையும் சாட்சிக்கு வைத்து ஊட்ட முக்கால் மணி நேரம். ஒன்பதரைக்குத் தூங்கியவன் இரண்டு மணிக்கு ஒருமுறை அழுவான். தட்டிக்கொடுத்தால் தூங்கிவிடுவான், தட்டிய கைக்குத் தூக்கம் திரும்ப ஒரு மணி நேரம் ஆகும். பிள்ளைகளைத் தவிர வேறெதையும் நானும் கணவரும் பேசிக்கொண்டு எத்தனை நாளாயிற்று என்று ஒருநாள் எண்ணிப்பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

நாடு முழுவதும் 2019இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இந்த நாளை எண்ணாக மாற்றிக் காட்டியது. கூலியில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்கு அதற்காக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். அதைவிட என்னை நிறுத்தியது வேறு எண். அந்த வேலையில் கைவைத்தவர்கள் பெண்களில் நூற்றுக்கு 81 பேர், ஆண்களில் 26 பேர். பிள்ளைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்ளும் வேலை தனிக் கணக்கு. அதில் பெண்களுக்கு 134 நிமிடம், ஆண்களுக்கு 76. ஐந்து வருடம் கழித்து 2024இல் மறுபடியும் எடுத்தபோது வீட்டுவேலையில் பெண்களின் நேரம் 289 ஆனது. பத்து நிமிடம் குறைந்திருக்கிறது. ஆண்களின் நேரம் கூடியிருக்கும் என்று பார்த்தால் அதுவும் 88 ஆகக் குறைந்திருந்தது.

நிமிடக் கணக்கில் ஏறாத பாரம் ஒன்று இருக்கிறது. அடுத்த தடுப்பூசி எப்போது, வெள்ளிக்கிழமை மஞ்சள் சட்டை போட்டு அனுப்பச் சொன்னார்களே, பால்பவுடர் ஞாயிறு வரை வருமா, பக்கத்து வகுப்பில் யாருக்கோ அம்மை போட்டிருக்கிறதாமே. பாத்திரம் துலக்க ஆள் வைக்கலாம், துணிக்கு மெஷின் வாங்கலாம். இந்த நினைப்பை வாங்கிக்கொள்ள ஆள் வருவதில்லை. ஆத்தூரில் நான் கொடுத்த தாள் அந்த நினைப்புதான். கணவர் நல்லவர், குளிப்பாட்டுவார், தூக்கிக்கொண்டு நடப்பார், இரவில் எழுந்திருப்பார். ஆனால் அந்தத் தாளை அவரை எழுதச் சொல்லியிருந்தால் பாதிப் பக்கத்தில் முடிந்திருக்கும். எழுதியபோதுதான் அது எனக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது.

தூக்கத்தைப் பற்றி ஒரு ஆய்வைச் சொல்லாமல் போக முடியாது. ஜெர்மனியில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பெற்றோரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கேட்டு, 2019இல் வெளியிட்டார்கள். முதல் மூன்று மாதத்தில் தாய்மார் சராசரியாக ஒரு மணி நேரத் தூக்கத்தை இழக்கிறார்கள் என்பது எதிர்பார்த்ததுதான். முதல் பிள்ளை பிறந்து ஆறு வருடம் ஆன பிறகும் தாய்க்கும் தந்தைக்கும் பழைய தூக்கம் முழுதாகத் திரும்பவில்லை என்பது எதிர்பாராதது. "இன்னும் கொஞ்ச நாள்தான், வளர்ந்துடுவாங்க" என்று பெரியவர்கள் சொல்லும் ஆறுதலில் அந்தக் கொஞ்ச நாளுக்கு ஆறு வருடம் என்று அளவு வைத்துக்கொள்ளலாம்.

நம் முன்னோர்களுக்கு இதெல்லாம் தெரியாமலா இருந்தது? தெரிந்திருந்தது. சங்க அகப்பாடல்களில் தலைவிக்கு இரண்டு தாய். பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. செவிலியின் மகள்தான் தோழி. ஒரு பெண்ணை வளர்த்தெடுக்க ஒருத்தி போதாது என்பதை இலக்கணமாகவே எழுதிவைத்த மொழி இது. ஐங்குறுநூற்றில் முல்லையைப் பாடிய பேயனாரின் நூறு பாடல்களில் முதல் பத்து, செவிலி பேசுவது. மணமாகிப் போன மகளின் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து நற்றாயிடம் சொல்கிறாள். அந்தப் பத்தில் முதல் பாட்டில், கணவனும் மனைவியும் மகனை நடுவில் போட்டுக்கொண்டு படுத்திருக்கும் காட்சி. குட்டியை இடையில் வைத்துப் படுத்த மான்களோடு ஒப்பிட்டு, இதைவிட இனிது உண்டா என்று நெகிழ்கிறாள். நடுவில் பிள்ளை கிடக்கும் படுக்கையை இன்பம் என்று பாடியதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். அந்தப் படுக்கையில் நானும் கிடந்தவள். கூடவே இன்னொன்றும் கண்ணில் படுகிறது. அந்த இன்பத்தைப் பார்த்துச் சொல்ல, பிள்ளை வளர்த்துப் பழகிய ஒரு மூத்தவள் வீட்டுக்கு வந்து நிற்கிறாள்.

பின்னாளில் செவிலி போய்விட்டாள், தாய்வீடு இருந்தது. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடித்துப் பெண்ணை அழைத்துப் போவது, தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற கட்டாயம், பிரசவ லேகியம், பிள்ளைக்குக் காலில் போட்டு எண்ணெய்க் குளியல், சாம்பிராணி. பெற்றவளுக்கு மூன்று மாதமாவது தூக்கமும் சாப்பாடும் கிடைக்க ஊர் செய்துவைத்த ஏற்பாடு. ஜப்பானிலும் பிரசவத்துக்குப் பிறந்த வீடு போகும் வழக்கம் இன்றும் இருக்கிறது. நம் வீடுகளில் பிரசவக் காலம் முடிந்த பிறகும் தாய்வீடு தொடர்ந்தது. ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போவார். போய்ச் சேர்ந்ததும் நாங்கள் மாமா பிள்ளைகளோடு கிணற்றடிக்கு ஓடிவிடுவோம். அம்மா திண்ணையில் சாய்ந்து பகலில் தூங்குவார். அவர் பகலில் தூங்கி நான் பார்த்தது அந்தத் திண்ணையில் மட்டும்தான். அப்பா வரமாட்டார். அவருக்கு மாலை போடும் மாதம் வேறாக இருந்தது. 41 நாள் விரதம், இருமுடி, நண்பர்களோடு வேனில் சபரிமலை. விரதத்தில் உண்மையான பக்தியும் இருந்தது, வீட்டைவிட்டு நாலு நாள் விலகியிருக்கும் நிம்மதியும் இருந்தது. எங்கள் தெருப் பெண்கள் செவ்வாடை கட்டி இருமுடி ஏந்தி மேல்மருவத்தூருக்குப் பஸ் பிடித்தபோது அவர்கள் முகத்திலும் அதே நிம்மதியைப் பார்த்திருக்கிறேன். ஆணுக்கு ஒரு வழி, பெண்ணுக்கு ஒரு வழி இருந்தது. இருவரும் சேர்ந்து போவதற்குத்தான் பெயரே இல்லாமல் இருந்தது. இன்றும் பிள்ளைகளை விட்டுவிட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் ஊர் சுற்றப் போகிறார்கள் என்றால் அந்த வாக்கியத்தின் குரலே மாறிவிடுகிறது.

தாய்வீடு என்ற இந்த ஏற்பாடு கரைந்ததற்குக் காரணம் யாருடைய மனமும் கல்லானது அல்ல. கை குறைந்துவிட்டது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளை. எங்கள் தலைமுறையில் இரண்டு பேர், பிள்ளைகள் தலைமுறையில் ஒன்று என்று ஆகும்போது சித்தி, பெரியம்மா, அத்தை என்ற சொற்களுக்கு ஆளே இருக்காது. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டு மக்களில் 48 விழுக்காட்டினர் நகரத்தில் இருந்தார்கள். ஆத்தூரில் அம்மா, சென்னையில் நான், பெங்களூரில் தம்பி. இடையில் ஓர் இரவு ரயில்.

இனி ஏக்கத்துக்கு வருகிறேன். "பிள்ளை அம்மாவைத் தேடுது", "ஏங்கிப் போச்சு" என்று நம் பாட்டிமார் சொன்னது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. காய்ச்சல் இல்லாமலே பிள்ளை சுருண்டு படுத்தால், சாப்பாட்டைத் தள்ளினால், கூப்பிட்டாலும் திரும்பாமல் கிடந்தால் அதற்கு ஏக்கம் என்று பெயர் வைத்து, யாரைத் தேடுகிறது என்று பார்த்தார்கள். மேலை மருத்துவம் அந்த இடத்துக்கு இருபதாம் நூற்றாண்டின் நடுவில்தான் வந்தது. லண்டனில் ஜான் பௌல்பி தாயைப் பிரிந்த குழந்தைகளைப் பற்றி 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்கு அறிக்கை எழுதினார். அவரோடு வேலை பார்த்த ஜேம்ஸ் ராபர்ட்சன் 1952இல் ஒரு படம் எடுத்தார். இரண்டு வயதுப் பெண்குழந்தை ஒரு சின்ன அறுவைச் சிகிச்சைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் இருப்பதை அப்படியே காட்டும் படம். அந்தக் காலத்தில் பெற்றோரைப் பார்க்க விடும் நேரம் மிகக் குறைவு. குழந்தை முதலில் அழுகிறாள், பிறகு அடங்குகிறாள், பிறகு அம்மா வந்தாலும் முகம் திருப்பிக்கொள்கிறாள். அடங்கிவிட்டது, பழகிவிட்டது என்று தாதியர் நினைத்த அந்த அமைதிதான் ஆபத்தானது என்று அவர் காட்டினார். மருத்துவர்கள் முதலில் கோபப்பட்டார்கள். 1959இல் பிரிட்டன் அரசு அமைத்த பிளாட் குழு, குழந்தைகள் வார்டில் பெற்றோரை எந்நேரமும் விட வேண்டும் என்று பரிந்துரைத்தது.

பலரும் இந்தக் கதையை இங்கேயே நிறுத்தி, சின்னப் பிள்ளையை விட்டுப் போகவே கூடாது என்று முடித்துவிடுகிறார்கள். அது தவறு. ராபர்ட்சன் அதற்கு மேலும் போனார். அவரும் மனைவி ஜாய்ஸும் 1960களின் பிற்பகுதியில் தொடங்கி இன்னும் சில படங்கள் எடுத்தார்கள். தாய் அடுத்த பிரசவத்துக்கு மருத்துவமனை போக, பார்த்துக்கொள்ள ஆளில்லாத சின்னக் குழந்தைகள். பதினேழு மாதக் குழந்தை ஒன்று ஒன்பது நாள் காப்பகத்தில் இருந்தது. தாதியர் அன்பானவர்கள்தான், ஆனால் வேளைக்கு ஒருவர் மாறினார்கள். குழந்தை ஒவ்வொருவரிடமும் ஒட்டப் பார்த்து, ஒவ்வொருவரும் கைவிட்டுப் போக, உடைந்துபோனது. மற்ற நான்கு குழந்தைகளை ராபர்ட்சன் தம்பதி தங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். பிரிவதற்கு முன்பே குழந்தையோடு பழகினார்கள். என்ன சாப்பிடும், எப்படித் தூங்கும் என்று தாயிடம் கேட்டு வைத்துக்கொண்டார்கள். குழந்தையின் போர்வையும் பொம்மையும் கூட வந்தன. அம்மாவைப் பற்றித் தினமும் பேசினார்கள், அப்பா வந்து பார்த்தார். அந்த நான்கு குழந்தைகளும் வருந்தினார்கள், சிணுங்கினார்கள், ஆனால் உடையவில்லை. தாயின் மடிக்குத் திரும்பியதும் சேர்ந்துகொண்டார்கள். பிரிவின் நாள்கணக்கைவிட, பிரிந்திருக்கும்போது பிடித்துக்கொண்ட கை ஒன்றா பலவா, தெரிந்ததா தெரியாததா என்பதே முக்கியம் என்று இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டேன்.

நம் வழக்கம் ஒன்றை இங்கே கண்டிக்க வேண்டும். பிள்ளைக்குக் காக்காயைக் காட்டிவிட்டுப் பின்வாசல் வழியாக நழுவுவது. "கடைக்குப் போய் மிட்டாய் வாங்கிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் கழித்து வருவது. அழுகையைக் கேட்கும் தைரியம் நமக்கு இல்லாததால் செய்கிறோம். திரும்பிப் பார்த்தால் அம்மா இல்லை என்ற அனுபவம் வந்த பிள்ளை அடுத்த ஒரு மாதத்துக்குக் குளியலறைக்குப் போனாலும் பின்னால் வருகிறது. சொல்லிவிட்டுப் போனால் அழும். அழட்டும், தெரிந்த தோளில் அழும். நாலு வயதுக்காரிக்கு இரண்டு இட்லி நேரம், இரண்டு தூக்கம், அப்புறம் அம்மா என்று கணக்குச் சொன்னேன். புரிந்துகொண்டாள். ஒன்றே முக்கால் வயதுக்காரனுக்குக் கணக்குப் புரியாது. அதனால்தான் பயணத்துக்கு மூன்று நாள் முன்பே ஆத்தூர் போய், நானும் கூட இருந்து, அம்மா கையால் சாப்பிடவும் அம்மா பக்கத்தில் தூங்கவும் பழக்கினேன். அவனுக்கு இரவில் ஒரு வேளை தாய்ப்பால் இன்னும் இருந்தது. இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் தொடரலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அப்படிக் கொடுப்பவர் பிள்ளையைப் பிரிந்தால் உடம்பும் தேடும். ஏற்காட்டில் முதல் இரவு எனக்குப் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகிவிட்டது. வெந்நீரில் துணி நனைத்து ஒற்றி, பீய்ச்சி விட்டேன். பால்குடிப் பிள்ளையை வைத்திருப்பவர் ஓர் இரவுக்கு மேல் யோசிக்கும்போது இதையும் யோசிக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் போகவே வேண்டாம் என்பேன்.

அசதி தீருமா? விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பியவர்களைப் பற்றிய ஆய்வுகளை நெதர்லாந்தில் ஜெசிகா டி புளூம் என்பவரும் சகாக்களும் 2009இல் தொகுத்துப் பார்த்தார்கள். உடம்பும் மனமும் கொஞ்சம் தேறுவது உண்மை, ஆனால் அந்தத் தெம்பு இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் கரைந்துவிடுகிறது. பிள்ளை வளர்ப்பவர்களின் அசதி அதைவிட ஆழமானது. பெல்ஜியத்தில் இசபெல் ரோஸ்காம், மொய்ரா மிகோலாய்சாக் என்ற இரு உளவியலாளர்கள் அதைத் தனி நோவாகவே ஆராய்கிறார்கள். பெற்ற பிள்ளையைப் பார்த்தாலே மனம் மரத்துப்போகும் அளவுக்கு ஓய்ந்துபோவது. அவர்கள் தலைமையில் 42 நாடுகளில் 17,409 பெற்றோரைக் கேட்டு 2021இல் வெளிவந்த ஆய்வு, அவரவர் பாடு அவரவருக்கு என்ற வாழ்முறை வலுத்த நாடுகளில் இந்த நோவு அதிகம் என்று கண்டது. பணத்திலும் வசதியிலும் இருக்கும் வேறுபாட்டைக் கழித்துப் பார்த்தாலும் அது மாறவில்லை. அந்த முடிவைப் படித்தபோது, நாம் இன்னும் கூட்டுக் குடும்பத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு, நகரத்து அடுக்குமாடியில் அந்தத் தனிப்பாட்டை ஏற்கெனவே வாழத் தொடங்கிவிட்டோமே என்ற கவலைதான் வந்தது.

ஏற்காட்டில் நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, அறைக்குப் போய்ப் படுத்தோம். பதினொரு மணி நேரம் தூங்கினோம். மறுநாள் ஏரிக்கரையில் உட்கார்ந்து பிள்ளைகளைப் பற்றியே பேசினோம், ஆறுமுறை ஆத்தூருக்குப் போன் செய்தோம். அதற்கடுத்த நாள் காலையில் லேடீஸ் சீட் பாறையில், கீழே சேலம் பனிக்குள் கிடக்க, கணவர் தன் அப்பாவைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அவர் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அந்த ஒரு வருடத்தில் அதைப் பேச எங்களுக்கு முக்கால் மணி நேரம் சேர்ந்தாற்போலக் கிடைத்ததே இல்லை. அந்தத் தெம்பு நான்கு வாரத்தில் கரைந்திருக்கலாம். அவர் அன்று சொன்னது இன்னும் என்னிடம் இருக்கிறது. அதனால் ஆண்டுக்கு ஒரு பெரிய பயணத்தைவிட, மாதத்துக்கு ஒரு பாதி நாள் நல்லது என்று நினைக்கிறேன். மலை வேண்டாம், பிள்ளைகள் பாட்டியிடமோ அத்தையிடமோ இருக்க, நாம் நம் வீட்டிலேயே இருந்தாலும் போதும். மலைக்குப் போனாலும் அந்தத் தாளை மனதில் வைத்துக்கொண்டு ஆறுமுறை போன் செய்கிறவருக்கு ஓய்வு வராது. என் முதல் முழு நாள் அப்படித்தான் போனது.

ஏற்காட்டில் எங்கள் அறையைப் பெருக்க வந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். பிள்ளைகள் எங்கே என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். அவருக்கும் மூன்று வயதில் ஒரு மகன். அங்கன்வாடி விட்ட பிறகு பக்கத்து வீட்டு ஆயா பார்த்துக்கொள்வாராம், சனி ஞாயிறு பக்கத்து வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போனால் கூடவே கூட்டிவந்து துவைக்கிற இடத்தில் உட்காரவைப்பாராம். சனி ஞாயிறுதான் எங்களைப் போன்றவர்கள் மலை ஏறும் நாள். அவருடைய அம்மா காபித் தோட்டத்தில் வேலை செய்தவர். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அறை இருந்ததாகவும் அதில்தான் வளர்ந்ததாகவும் சொன்னார். அது யாரும் மனமிரங்கிக் கட்டிய அறை இல்லை. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பது பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்று சொன்னது. அதற்கு முன்பே 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஐம்பதுக்கு மேல் பெண்கள் உள்ள ஆலைகளுக்கு அதைக் கட்டாயமாக்கியது. இலங்கை மலையகத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் இடத்துக்குப் பிள்ளை மடுவம் என்றே பெயர். ஓய்வுக்கு ஊரார் ஏறிவரும் மலைகளில் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் வழக்கம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இருக்கிறது. அங்கே யாரும் அதைக் குற்ற உணர்ச்சியோடு பேசியதில்லை. பேசும் வசதி அவர்களுக்கு இருக்கவில்லை.

நம் சட்டங்கள் தாயை வேலைக்கு அனுப்புவது பற்றி யோசித்த அளவுக்கு அவள் ஓய்வைப் பற்றி யோசிக்கவில்லை. 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டபோது சம்பளத்தோடு விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமானது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பகம், தாய் ஒரு நாளில் நான்குமுறை போய்ப் பார்த்து வரலாம் என்ற உரிமையும் வந்தது. தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலையிலிருந்து பன்னிரண்டு மாதம். மத்திய அரசில் தந்தைக்குப் 15 நாள்; தனியார் நிறுவனத்தில் வேலை செய்யும் தந்தைக்கு அப்படி ஒரு நாளையும் சட்டம் தரவில்லை. ஓய்வுப் பயணத்துக்கு அரசு ஊழியர்களுக்கு எல்.டி.சி. என்ற பயணச் சலுகை உண்டு. அதன் விதியே குடும்பத்தையும் சேர்த்து எழுதியது, பிள்ளைகள், சார்ந்திருக்கும் பெற்றோர் எல்லாரும் அதில் அடக்கம். நல்ல விதிதான். ஆனால் இரண்டு சின்னப் பிள்ளைகளோடு ராமேஸ்வரம் போய்வந்த தாயைக் கேளுங்கள், எங்கே ஓய்வு கிடைத்தது என்று. அதே பால் டம்ளர், அதே டயப்பர், வேறு ஊர்.

ஜெர்மனியில் வேறு விதமாக யோசித்தார்கள். போருக்குப் பிறகு இடிபாடுகளுக்கு நடுவே பிள்ளைகளைத் தனியாக வளர்த்து நொறுங்கிப்போன தாய்மாரைப் பார்த்து, மேற்கு ஜெர்மனியின் முதல் குடியரசுத் தலைவரின் மனைவி எல்லி ஹாய்ஸ்-க்னாப் 1950இல் தாய்மார் நலம்பெற ஓர் அறக்கட்டளை தொடங்கினார். ஓய்ந்துபோன தாய் மூன்று வாரம் ஒரு நல்வாழ்வு இல்லத்தில் தங்கித் தேறிவருவது. தனியாகவும் போகலாம், பிள்ளையோடும் போகலாம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அங்கே ஆள் இருக்கும். இன்று தந்தையரும் போகிறார்கள். 2007 முதல் மருத்துவர் எழுதிக்கொடுத்தால் பொது மருத்துவக் காப்பீடு அதற்குப் பணம் கட்டியே ஆக வேண்டும். அசதியை நோயாக ஒப்புக்கொண்டு மருந்துச் சீட்டில் ஓய்வு எழுதும் நாடு. சுவீடனில் ஒரு பிள்ளைக்குப் பெற்றோர் இருவருக்கும் சேர்த்து 480 நாள் விடுப்பு, அதில் தொண்ணூறு தொண்ணூறு நாளை ஒருவர் மற்றவருக்குக் கொடுக்க முடியாது, தந்தை எடுக்காவிட்டால் அது போய்விடும். 2024 ஜூலையிலிருந்து பெற்றோர் ஒவ்வொருவரும் 45 நாள் வரை தாத்தா பாட்டிக்கோ வேறு ஒருவருக்கோ மாற்றிக் கொடுக்கலாம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கு அரசு படி கொடுக்கிறது.

அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு அம்மாவின் முழங்கால் வலிதான் நினைவுக்கு வந்தது. மனிதக் குழந்தையைத் தாய் ஒருத்தி தனியாக வளர்த்திருக்கவே முடியாது என்று மானுடவியலாளர் சாரா ஹர்டி 2009இல் ஒரு நூலே எழுதினார். தான்சானியாவின் ஹட்சா மக்களிடையே கிறிஸ்டன் ஹாக்ஸ் செய்த ஆய்வுகள், பிள்ளை பெறும் வயது கடந்த பாட்டிமார் கிழங்கு தோண்டிக் கொண்டுவருவது பேரப்பிள்ளைகளின் வளர்ச்சிக்குக் கைகொடுக்கிறது என்று காட்டின. மனிதப் பெண் மாதவிலக்கு நின்ற பிறகும் இத்தனை வருடம் உயிரோடு இருப்பதற்கே அது காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் வாதம். நம் குடும்பங்கள் இந்த வாதத்தைக் கடல் தாண்டியும் நிரூபித்துக்கொண்டிருக்கின்றன. அமெரிக்காவில் மகளுக்குப் பிரசவம் என்றால் முதல் ஆறு மாதம் பெண்ணின் அம்மா, அடுத்த ஆறு மாதம் பையனின் அம்மா என்று முறை வைத்து விமானம் ஏறுகிறார்கள். கனடா 2011இல் பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் ஒரு தனி விசா கொண்டுவந்தது. 2022 முதல் அதில் ஒரே மூச்சில் ஐந்து வருடம் தங்கலாம். பனி பெய்யும் ஊரில், தெருவில் ஒரு முகம் தெரியாமல், ஸ்கார்பரோவிலும் பிராம்டனிலும் பேரப்பிள்ளைக்கு இடியாப்பம் ஊட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பாட்டிமாரின் ஓய்வை யார் யோசிக்கிறார்கள்? "அவங்களுக்கும் பொழுது போகுது" என்கிறோம். பேரப்பிள்ளைமேல் உயிராக இருப்பது வேறு, அறுபத்து மூன்று வயதில் பன்னிரண்டு கிலோ பிள்ளையை மாடிப்படியில் தூக்கி இறக்குவது வேறு.

நாங்கள் ஏற்காட்டிலிருந்து திரும்பி ஆத்தூர் வீட்டுக்குள் நுழைந்தபோது மூத்தவள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். சின்னவன் அம்மாவின் இடுப்பில் இருந்தான். கை நீட்டினேன். என்னைப் பார்த்துவிட்டு முகத்தை அம்மாவின் தோளில் புதைத்துக்கொண்டான். ராபர்ட்சன் படத்தில் இருந்த அதே முகத் திருப்பல். எனக்கு வயிறு கலங்கியது. "விடு, கோபம்தானே, தானா வருவான்" என்று அம்மா சொன்னார். அரை மணி நேரம் கழித்து, நான் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது, துணி முயலை இழுத்துக்கொண்டு வந்து மடியில் ஏறி, என் தாலிக்கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டு தூங்கிவிட்டான். நிமிர்ந்து பார்த்தால் அம்மாவைக் காணோம். விளக்கு வைக்கும் நேரத்தில் படுக்கக் கூடாது என்று எங்களை அதட்டி வளர்த்தவர் உள்ளறையில் வெறும் பாயில் தூங்கிக்கொண்டிருந்தார். அடுத்த நாள் காலை ஏழு மணிக்குத்தான் எழுந்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு கணக்கு வைத்துக்கொண்டோம். அம்மா இரண்டு நாள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால், அதற்குப் பதில் நானோ தம்பியோ லீவு போட்டு ஆத்தூரில் வந்து இருப்போம், அம்மா எங்காவது போக வேண்டும். முதலில் எங்கே போவது என்றே அவருக்குத் தெரியவில்லை. அப்பாவை விட்டுவிட்டு எப்படி என்றார். இரண்டு மாதம் பேசிப் பேசி, சித்தியோடு நாலு நாள் குற்றாலம் போனார். சாரல் காலம். போகும் நாள் காலையில் என் கையில் ஒரு தாளைக் கொடுத்தார். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம், பென்சில் எழுத்து. அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரை எப்போது, பிரஷர் மாத்திரை எப்போது, காபியில் சர்க்கரை போடச் சொல்லிக் கேட்பார் போடாதே, பால்காரருக்கு ஒன்றாம் தேதிப் பாக்கி, துளசிக்குத் தண்ணீர், ராத்திரி கொல்லைக் கதவு மேல் தாழ்ப்பாள். இரண்டு பக்கமும் நிறைந்து, இடமில்லாமல் ஓரத்திலும் எழுதியிருந்தார்.